புதுத்தெருவுக்குக் கீழே

டென்மார்க்கில் செத்தவர்களுக்கும் தவணை உண்டு. இது இன்னாசித்தம்பிக்குப் போன கிழமைதான் தெரியவந்தது.

ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன் மகளின் கல்லறையைத் துப்புரவாக்கிவைப்போம் என்று பிரெடெரிசியாவிலிருந்து எஸ்பியர்க்குக்குத் தனியே போனவர், மகள் விக்ரோரியா கிடந்த இடத்தில் யாரோ ஒரு டேனிஷ்காரரின் பெயரைக் கண்டு விறைத்துப்போனார். சவக்காலைக் காவலாளி ஆறுதலாக விளக்கினான். தவணையைப் புதுப்பிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. கல்லை நொறுக்கித் தெருவுக்குப் போட்டுவிடுவார்கள். உங்கள் கல், அந்தா, பக்கத்துப் புதுத்தெருவில்.

முப்பது வருடத்துக்கு முன், நாலு வயதுப் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது இதையெல்லாம் சொல்லித்தான் இருப்பார்கள். டேனிஷை அவர் என்ன கண்டார்? அழுதுகொண்டே "யா, யா" என்று தலையாட்டினார். பாழாய்ப்போன தலை.

இன்றைக்குத் திருநாள். மனைவி மரியநாயகியை மறிக்க முடியவில்லை. முழங்கால் வருத்தத்தால் இத்தனை வருடம் வராதவள், மெழுகுதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். சவக்காலைப் படலைப் பக்கம் அவர் காரைத் திருப்பவில்லை. புதுத்தெருவுக்குள் விட்டு, அதன் முடிவில் நிறுத்தினார். செங்கல் வீடுகள், குப்பைத்தொட்டிகள், புல்லில் சரிந்து கிடந்த ஒரு சின்னச் சைக்கிள்.

"இஞ்சை ஏன் நிப்பாட்டினீங்கள்? படலை அங்காலையெல்லோ?"

"அங்கை ஒண்டும் இல்லையப்பா."

எல்லாவற்றையும் சொன்னார். தலையாட்டியதையும் சொன்னார். துக்கத்தைவிட வெட்கம்தான் அவரைத் தின்றது. அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பிள்ளையின்ரை பேர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கல் கொத்திய டேனிஷ்காரன், ஒரு சுழியும் விளங்காமல், பிழையில்லாமல் கொத்தியிருந்தான்.

"எல்லாம் இந்தத் தாருக்குக் கீழைதான் கிடக்கு."

அவள் இறங்கினாள். கார்க்கதவைப் பிடித்துக் குனிந்து, தெருவோரத்தில் ஒரு திரியைக் கொளுத்தி வைத்தாள். காற்று அணைத்தது. திரும்பவும் கொளுத்தினாள். நாயோடு வந்த ஒரு பெண் சிரித்து, "ஹாய்" சொல்லி, தெருவின் நடுவால் நடந்து போனாள். அவளில் என்ன பிழை? தெரு நடக்கத்தானே.

அது முட்டுத்தெரு. வந்த வழியால்தான் திரும்பவேண்டும். மரியநாயகி ஏறி, கதவைச் சாத்தினாள். அவர் சாவியைத் திருப்பினார்.

"மெல்லமா ஓட்டுங்கோ," என்றாள்.