தெரியாத ஆள்

மேடையில் சால்வை போடப் போகிறார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், ஆசீர்வாதம் யூனிஃபார்ம் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் கேட் சூப்பர்வைசர் அவர். பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை.

கூட்டம் நெடுஞ்சாலையோரத்து ஓட்டலில் நடந்தது. டெல்லியிலிருந்து ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி துளசிராமன், அரசாங்க அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து நாட்டின் பாதுகாப்பையும் பயங்கரவாதத் தடுப்பையும் ஒரே நாளில் பேசித் தீர்க்கக் கூடியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பாதி தீர்ந்துவிடும் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது.

திரையில் ஒரு படம் வந்தது. முகத்தை மறைத்திருந்தார்கள். சட்டையை வைத்தே ஆசீர்வாதத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பசந்த். விழிப்பான ஒரு காவலாளி சந்தேகப்பட்ட நபரை எப்படிப் பிடித்தார் என்று பேராசிரியர் விளக்கினார். கைதட்டினார்கள்.

நடந்ததோ வேறு. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது நாற்பது ஒப்பந்தத் தொழிலாளர்கள் கேட்டில் முண்டுவார்கள். புதுசாக வருகிறவனுக்கு பாஸ் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை, வேலையை விட்டுப் போனவனின் பாஸை மேஸ்திரி மோகன்ராஜ் புதியவன் கழுத்தில் மாட்டி அனுப்புவான். படத்தை யார் பார்க்கிறார்கள்? உள்ளே போகும் தலையும் பாஸும் எண்ணிக்கையில் ஒத்துப்போனால் சரி. இந்த வழக்கத்தை உண்டாக்கியதே ஆசீர்வாதம்தான். ஒடிசாவிலிருந்து வந்த பசந்துக்குப் புது பாஸ் கடைசிவரை வரவேயில்லை. எட்டு மாதம் திலீப் என்பவனின் பாஸில்தான் உள்ளே போனான்.

குடியரசு தினத்துக்கு முன்னால் திடீர் சோதனை வந்தது. பசந்தின் கழுத்தில் வேறொருவன் முகம், போனில் அம்மோனியா டேங்க்கின் படம். எங்கே வேலை செய்கிறேன் பார் என்று பெண்டாட்டிக்கு அனுப்பியிருந்தான், பாவி. இவனைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். ஆசீர்வாதத்தின் மகள் பிரின்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம். தினமும் தன்னோடு டீ குடித்தவனைப் பார்த்துக்கொண்டே ஆசீர்வாதம், "தெரியாது சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான், காவலாளியே ஆளைப் பிடித்துக் கொடுத்ததாக அறிக்கையில் ஏறியது.

பதினொரு நாள் விசாரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் பெயர் சேர்த்து, உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியல் தொழிற்பேட்டையின் எல்லா கேட்டுக்கும் போயிருந்தது. மூன்று மாதம் கேட் கேட்டாக அலைந்துவிட்டு ஊருக்குப் போனான் பசந்த். போன வாரம் அங்கிருந்து கூப்பிட்டு, தான் நல்லவன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினான். பெரிய ஆட்கள் வருகிற கூட்டத்தில் சொல்லிவிடுவதாக ஆசீர்வாதம் வாக்குக் கொடுத்திருந்தார்.

சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இருநூறு பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். "என் கடமையத்தான் செஞ்சேன். நன்றி" என்று சொல்லி இறங்கிவிட்டார். ஆனால் கொடுத்த வாக்கு விடவில்லை. சாப்பாட்டு வரிசையில் துளசிராமனைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

"சார், அந்தப் பையன எனக்குத் தெரியும் சார். எட்டு மாசமா என்கூட டீ குடிச்சிகினு இருந்தவன். பாஸப் பாக்காம உள்ள வுட்டது நான்தான்."

துளசிராமன் தட்டைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவன் பேரை எடுக்க நானே சொல்றேன். ஆனா உங்க வேலை போயிடும், கேஸும் வரலாம். வேணாம்னா, நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கலாம்."

பேனாவையும் நீட்டினார், நல்ல மனுஷன். பத்தொன்பது வருஷ வேலை ஒரு பக்கம், பசந்த் ஒரு பக்கம். எது கனம் என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியாமலில்லை.

"வேணாம் சார். வுட்ருங்க."

வெளியே வந்தபோது போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார்.

"சொன்னியா அண்ணே?" என்றான் பசந்த்.

"சொன்னேம்பா." அது பொய்யில்லை. அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் சொன்னார்: "பாத்துக்கறேன்னு சொல்லிகிறாங்க."

அந்தப் பக்கம் பெண்டாட்டியிடம் அவன் பாஷையில் என்னவோ சொன்னான். அவள் சிரிப்பது கேட்டது. திங்கட்கிழமை ரயில் ஏறி விடுவதாகவும், முதலில் அண்ணன் கேட்டுக்குத்தான் வருவதாகவும் பசந்த் சொன்னான்.

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார் ஆசீர்வாதம். சரிப்பா, பாத்து வா என்றுதான் வந்தது.