புளிப்பு நரம்பு

காஸ்முரிக்கு வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து கிடந்தது. மினிவேனின் பிரேக்கை மிதிக்கிற கால் அது. போர்வை பட்டாலே உயிர் போனது. வெள்ளிக்கிழமைக்குள் கால் சரியாகாவிட்டால் வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி ஹாஜி சோபாரி கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேன் போனால் அவனுக்குப் பிழைப்பே இல்லை.

இந்தோனேசியாவின் பண்டெக்லாங் பக்கம் இந்த நோய்க்குப் பெயர் ஆசாம் உராட். ‘ஆசாம்’ என்றால் புளிப்பு, ‘உராட்’ என்றால் நரம்பு. நரம்பில் புளிப்பு ஏறிவிட்டது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். புளி, எலுமிச்சை, மாங்காய் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டான். நரம்பு நீவுகிறவரிடம் விரலைக் கொடுத்துவிட்டு அலறினான். சலாம் இலைக் கஷாயத்தை வேளை தவறாமல் குடித்தான். வீக்கம் அசைந்து கொடுக்கவில்லை.

நாக்கு செத்துப்போன மனுஷனுக்காக மனைவி மூமுன், தான் சுத்தியலால் தட்டி விற்கிற மெலிஞ்சோக் கொட்டை அப்பளத்தில் நல்லதாகப் பொறுக்கிப் பொரித்துக் கொடுத்தாள். அது கசக்கும், துளிகூடப் புளிக்காது. மருந்தென்றே நினைத்துத் தட்டு தட்டாகத் தின்றான்.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்து டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“நரம்புமில்ல, புளிப்புமில்ல ஐயா. ரத்தத்துல யூரிக் அமிலம் கூடிப்போய் மூட்டுல ஊசி ஊசியா படியுது. வீங்கினத நீவினா வலி ஏறத்தான் செய்யும்.”

அந்த அமிலத்தைக் கூட்டுகிற மெலிஞ்சோவையும் ஈரலையும் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கஷாயம் வேண்டுமானால் குடிக்கலாம், ஆனால் அது தான் கொடுக்கிற மாத்திரைக்கு ஈடாகாது என்றார். வீக்கம் வடியச் சில நாள் ஆகுமாம்.

காஸ்முரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்தால் வெள்ளி.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மூமுன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

“நானே பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தேனேங்க.”

“உன்ன எதுக்குச் சொல்றது? இதுக்குப் பேர் வெச்சான் பாரு, அவனச் சொல்லணும்.”

மறுநாள் ஹாஜி வந்தார். காஸ்முரி வேனில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். பாதி மிதிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டியது. ஹாஜி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு ஆதரவாகத் தோளைத் தொட்டார்.

“வருத்தப்படாதப்பா. கால் சரியானதும் வா, வண்டி உனக்குத்தான். எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார், நரம்ப நீவி ஒரே இழுப்புல சரியாக்கிடுவார். நாளைக்குக் கூட்டிட்டு வரேன். புளிய மட்டும் தொட்டுடாத.”

டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று காஸ்முரி வாயைத் திறந்தான். ஆனால் வண்டி திரும்பக் கிடைக்க வேண்டுமே.

“சரிங்க ஹாஜி,” என்றான்.