சிவப்பு வராத போன்

பள்ளி திறந்த பிறகும் சில நாட்கள் எல்லாம் கனவுக்குள் நடப்பது போலவே இருந்தது. ஆய்வகத்துக் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வந்தது. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பார்த்த பிள்ளைகளுக்கு உயரம் இருப்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளி மூடிக்கிடந்தபோது இந்த மேசையருகில் தனியாக நின்று சுடர்ச் சோதனை செய்து காட்டினேன். கம்பி நுனியில் உப்பைத் தொட்டு நெருப்பில் நீட்டினால் ஒவ்வொரு உப்பும் ஒரு நிறத்தில் எரியும். அதைப் போனில் பார்த்து எழுதி அனுப்பிய விடைகளுக்குத்தான் இப்போது செய்முறை மதிப்பெண்.

ஒருத்தி மட்டும் தேறவில்லை. வகுப்பில் அவளுக்குப் பெயர் மியூட். ஆன்லைனில் ஒரு நாளும் மைக்கைத் திறந்ததில்லை. தேறாவிட்டால் அடுத்த ஆண்டு அவளுக்கு அறிவியல் பிரிவு கிடையாது.

மஞ்சளாக எரியும் சோடியத்துக்குப் பச்சை என்று எழுதியிருந்தாள். சிவப்பாக எரியும் ஸ்ட்ரான்சியத்துக்கு, சுடர் இருண்டது என்று. பச்சையாக எரியும் தாமிரம் மட்டும் சரி.

திருத்திய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிவப்பு கலந்த இடமெல்லாம் தவறியிருந்தது. மஞ்சளிலிருந்து சிவப்பை உருவிவிட்டால் திரையில் பச்சைதான் மிஞ்சும்.

அவளைக் கூப்பிட்டேன். "உன் போனைக் காட்டு."

"சித்தி போன் மிஸ். வாளித் தண்ணியில விழுந்துச்சு. அதுலேர்ந்து சிவப்பு வராது."

வகுப்புப் பதிவை ஓடவிட்டாள். பச்சை முகத்தோடு நான், என் கையருகில் பச்சைச் சுடர். குளத்தின் அடியிலிருந்து யாரோ பாடம் நடத்துவது போல இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் இப்படி எழுதின? புத்தகத்துல இருக்கே."

"பார்த்ததை மட்டும் எழுதுங்கன்னு சொன்னீங்களே மிஸ்." போனை அணைத்துக்கொண்டே, "பச்சையிலயும் நல்லாத்தான் இருந்தீங்க" என்றாள்.

மூத்த வேதியியல் ஆசிரியரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, அவள் விடைக்கு மார்க் போடலாமா என்று கேட்டேன்.

"பச்சைக்கு மார்க் போட்டா, மஞ்சள்னு எழுதினவன் எல்லாம் இளிச்சவாயனாம்மா?"

அதுவும் நியாயம்தான். அவரிடம் 'சரி சார்' தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் நேர்ல ஒரு தடவை செய்யட்டும் சார். அந்த மார்க்கையே போடுவோம்."

"பழைய மார்க்?"

"யாருக்கும் வேண்டாம் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேஸ் இருக்கான்னு பாரு. பாதியில அணைஞ்சா மானம் போயிடும்."

அணையவில்லை. எந்த உப்பு என்று சொல்லாமல் கொடுத்தோம். முன்வரிசைக்காரன் ஒருவன் கம்பியை நீட்டும் முன்பே மஞ்சள் என்று எழுதிவிட்டான். அவனுக்கு வந்தது தாமிரம். மூத்தவர் இருமினார்.

மியூட்டுக்கு ஸ்ட்ரான்சியம். சுடர் சிவந்து எழுந்து, அவள் கன்னத்திலும் அலமாரிக் குடுவைகளிலும் படிந்து, இறங்கியது. அவள் பேனாவை எடுக்கவில்லை.

"மிஸ், இன்னொரு தடவை பார்த்துக்கட்டுமா?"

"அட, இவளுக்குக் குரல்கூட இருக்குடா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

மறுபடி நீட்டினாள். பிறகு குனிந்து எழுதினாள்: சிவப்பு. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெலிவு. பார்த்து முடிப்பதற்குள் போய்விடுகிறது.

மூத்தவர் அதை நின்றபடியே படித்தார். விடைக்குறிப்பில் சிவப்பு என்று மட்டும்தான் இருந்தது. முழு மதிப்பெண்ணை அவரே போட்டார். அடுத்த பிள்ளைக்காக நான் கம்பியைக் கழுவினேன்.