ஒருமுறை அடித்த கார்பன்

மேற்கு ஜன்னலின் மூன்றாவது கம்பிக்கு வெயில் வந்திருந்தது. அது ஐந்தாவது கம்பியைத் தொடும்போது பொழுது சாயத் தொடங்கும் என்று சாந்திராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். விழுப்புரம் பயணியர் மாளிகையின் கூடத்தில் நீள மேசைக்குப் பச்சைத் துணி விரித்து, ஏழு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, காகிதத்தால் மூடி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு வரவேண்டிய நாடாளுமன்றக் குழு இன்னும் வந்து சேரவில்லை. பாண்டிச்சேரியில் மதியச் சாப்பாடு நீண்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு சாந்திராஜ் எதுவும் உண்பதில்லை. அவர் வீட்டில் யாருமே உண்பதில்லை. செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்களில் அது காலங்காலமாக இருந்துவரும் நியமம். காலையில் திண்டிவனத்தில் சாப்பிட்ட இரண்டு இட்லிதான் வயிற்றில் இருந்தது.

திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில், வேப்பமரத்தடியில் ஒரு தட்டச்சு எந்திரத்தோடு பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர் அவர். கடலூரிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். தமிழும் இங்கிலீஷும் பிசகாமல் தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லப்போக, நேற்று சாயங்காலம் கோர்ட் டவாலி வந்து தகவல் சொல்லிவிட்டுப் போனான். ஏழைகளுக்கு அரசு தரும் இலவச சட்ட உதவி கிராமங்களுக்குப் போய்ச் சேருகிறதா, சேரவில்லையென்றால் அவர்களுடைய வழக்குகளை யார் செலவு செய்து நடத்துகிறார்கள், அதை அரசு எப்படிப் பார்க்கிறது என்று விசாரிக்கத்தான் டெல்லியிலிருந்து குழு வருகிறதாம். சாட்சிகள் சொல்வதை இங்கிலீஷில் சொன்னால் போதும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

வாசலில் ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. தாண்டவராயன் இறங்கினார். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பச்சைமுத்து இறங்கினார். ஒலக்கூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் அவருக்கு. அதற்காகப் பெரியப்பா மகன் துரைக்கண்ணுவோடு பதினோரு வருஷமாக வழக்கு. வக்கீலுக்கும் முத்திரைத்தாளுக்கும் பஸ்ஸுக்கும் வாய்தா அன்றைய சாப்பாட்டுக்கும் தாண்டவராயன்தான் பணம் போடுகிறார். ஜெயித்தால் பாதி நிலம் அவருக்கு. திண்டிவனம் கோர்ட்டில் இதற்கு ‘கேஸ் எடுத்துக்கிறது’ என்று பெயர். எடுத்துக்கொண்டவரே வழக்குக் கட்டை வைத்துக்கொள்வார், எடுத்துக்கொண்டவரே வக்கீலிடம் பேசுவார். கட்சிக்காரர் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றால் போதும்.

தாண்டவராயன் கூடத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பச்சைமுத்து சாந்திராஜின் பக்கத்தில் வந்து பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"நைனாரே, நீங்கதான் எம்பேச்ச இங்கிலீசுல சொல்லப் போறீங்களாமே. நல்லதாப் போச்சு. வேத்து ஆளுன்னா எனக்குக் கை கால் ஒதறும்."

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று சாந்திராஜ் கேட்டார். தாண்டவராயன் அண்ணனைப் பற்றித்தான், வேறு என்ன இருக்கிறது என்றார் பச்சைமுத்து. சர்க்கார் கைவிட்ட இடத்தில் இப்படி ஒரு மனுஷன் இருக்கிறார் என்று டெல்லிக்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா. தெரிந்தால் அவருக்கு ஒரு பட்டமோ பதவியோ கொடுக்க மாட்டார்களா. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைச் சாந்திராஜால் நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு பச்சைமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளன்னிக்கு அந்த நெலத்துல எறங்கி மல்லாட்டைச் செடி புடுங்கப் போறோம். துரைக்கண்ணுவும் ஆள் சேத்துக்கினு இருக்கானாம். நான் அண்ணனக் கேட்டேன். நீ எறங்கு, நான் பாத்துக்கறேன்னுட்டாரு. பெரிய பையன் கத்திய தீட்டி எரவானத்துல சொருகி வெச்சிருக்கான். பேஜாருதான். ஆனா எத்தினி நாளைக்கு பயந்துக்கினு கெடக்கறது?"

சாந்திராஜ் ஜன்னலைப் பார்த்தார். போன திங்கட்கிழமை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாண்டவராயனின் குரல் இதே வார்த்தைகளைச் சொல்வதைக் கேட்டிருந்தார். ‘நீ எறங்கு, நான் பாத்துக்கறேன்.’ தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து போனது துரைக்கண்ணு. அன்றைக்கு அது எதைப் பற்றிய பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை. இப்போது புரிந்தது. வயலில் ரத்தம் விழுந்தால் அது இரண்டாவது கேஸ். அதையும் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் பாதி அதற்குச் சரியாகப் போகும்.

தட்டச்சுக்காரனுக்குக் கண் விரலில் மட்டும் இருந்தால் போதும் என்பது அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வைத்துக்கொண்ட ஒழுங்கு. பாகப்பிரிவினை, விவாகரத்து, விஷம் குடித்தவளின் தகப்பன் கொடுத்த மனு என்று எல்லாம் அந்த விரல்கள் வழியாகப் போயிருக்கின்றன. எதுவும் உள்ளே இறங்கியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஆடி மாதம், தாண்டவராயன் ஓர் ஒப்பந்தம் அடிக்கக் கொடுத்தார். கட்சிக்காரர் துரைக்கண்ணு. வழக்குச் செலவு முழுதும் தாண்டவராயனுடையது, ஜெயித்தால் பாதி நிலம். பாதிப் பக்கம் வந்தபோது விரல் தானாக நின்றது. புல எண் 117/2. கிழக்கே பச்சைமுத்து பாத்தியக் கிணறு, தெற்கே ஏரி வாய்க்கால். அதற்கும் எட்டு வருஷத்துக்கு முன் பச்சைமுத்துவுக்காக அடித்த ஒப்பந்தத்திலும் இதே எண்தான், இதே வாய்க்கால்தான். தலை நிமிர்ந்தபோது தாண்டவராயன் எதிரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனாரே, ரிப்பன் சிக்கிக்கிச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு மீதியை அடித்து முடித்தார் சாந்திராஜ். வேப்பமரத்தடியில் அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது தாண்டவராயன். சாந்திராஜுக்கு வரும் வேலையில் பாதி அந்தக் கையிலிருந்து வருவது. அசலையும் நகலையும் தாண்டவராயன் எடுத்துக்கொண்டு போனார். நடுவில் வைத்த கார்பன் மட்டும் எந்திரத்தில் தங்கிவிட்டது. ஒரு கார்பனை எழுத்து மங்கும்வரை பத்துத் தடவையாவது அடிக்கிற சிக்கனக்காரர் அவர். இதை மறுபடியும் எந்திரத்தில் ஏற்ற அவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். அந்த ஒரு தாளை மட்டும் ஏன் இப்படிப் பொத்தி வைக்கிறீர்கள் என்று மனைவி குணமதி ஒருமுறை கேட்டாள். இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் பஞ்சாங்கம் இருந்த அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு நொடி தயங்குவதை அவர் பார்த்திருக்கிறார். இன்று காலை அந்தத் தாளைத் தன் அட்டைக் கோப்புக்குள் எடுத்து வைத்தார்.

குழு வந்தபோது மணி ஐந்து. முதலில் துறை அதிகாரி பேசினார். எல்லாத் தாலுகாவிலும் இலவச சட்ட உதவி நடக்கிறது என்றார். திண்டிவனத்தில் போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தலைவர் கேட்டார். அதிகாரி கோப்பைப் புரட்டினார். நான்கு பேர் என்றார். தலைவர் அதை எழுதிக்கொண்டார். அப்படியானால் மற்றவர்களுடைய வழக்கை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்விக்கு, உறவினர்களும் நலம் விரும்பிகளும் உதவுகிறார்கள், இதில் தவறு நடப்பதாக அரசின் கவனத்துக்கு எதுவும் வரவில்லை என்றார் அதிகாரி. கடைசி வரிசையில் தாண்டவராயன் மெல்லத் தலையசைத்தார்.

பிறகு பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் நன்றாகவே பேசினார். அண்ணன் இல்லாவிட்டால் என்றைக்கோ மண்ணோடு மண்ணாகப் போயிருப்பேன் என்றார். தகப்பன் செத்த அன்று அண்ணன் பாடைக்கு மூங்கில் வாங்கித் தந்ததிலிருந்து சொன்னார். சாந்திராஜ் வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் நான்காவது கம்பிக்கு வந்திருந்தது. அதுவரை எதுவும் கேட்காமல் இருந்த வடநாட்டு அம்மா ஒருவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்கு இவர் செலவு செய்கிறார், எதிர்த்தரப்புக்காரருக்குப் பதினோரு வருஷமாக யார் செலவு செய்கிறார்கள்?

சாந்திராஜ் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

பச்சைமுத்து சிரித்தார். "அவனுக்கு யாரு குடுப்பா? பொண்டாட்டி தாலிய வித்து நடத்தறான். இன்னும் ரெண்டு வாய்தாவுல படுத்துடுவான்னு அண்ணனே சொல்றாரு."

இதை அவர் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சின்ன பதில்தான். வார்த்தைகள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அவர் வாய் திறக்கவில்லை. மின்விசிறி மூன்று சுற்று, நான்கு சுற்று சுற்றியது. மேசை மேல் ஒரு டம்ளரின் காகித மூடி எழும்பி விழுந்தது. பின்வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். தாண்டவராயன் கோபமாக இல்லை. வேப்பமரத்தடியில் அன்று நின்ற மாதிரியே, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்திராஜ் பச்சைமுத்து சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், சொல்லி முடித்தார்.

அந்த அம்மா பச்சைமுத்துவைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார். இவ்வளவு சின்ன பதிலுக்கு இவ்வளவு நேரம் ஆயிற்றே, உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். துறை அதிகாரி குறுக்கே வந்து, மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல என்று நினைவூட்டினார். தலைவர் அதை ஒப்புக்கொண்டு, யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் குழு கிளம்புகிறவரை எழுத்தில் கொடுக்கலாம் என்றார். எழுத்தர் ஒருவர் வாசல் பக்கம் ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலிகள் நகர்ந்தன.

சாந்திராஜ் தாழ்வாரத்தின் மேற்குக் கோடிக்குப் போய் நின்றார். இருபதடி தூரத்தில் அந்த எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதுவரை ஒருவரும் அவரிடம் போகவில்லை. ரயில் நிலையப் பக்கத்துப் புகைக்கு மேல் சூரியன் சிவந்து நின்றது. பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம் வந்தது.

"நைனாரே, இந்தாங்க." பச்சைமுத்துவின் கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருந்தது. "அண்ணன் குடுத்தாரு. பொழுது போயிட்டா நீங்க துன்ன மாட்டீங்களாமே. வெங்காயம் போடாம, கெழங்கு போடாம, தனியா சொல்லி செய்யச் சொன்னாராம். ஜல்தியா துன்னுடுங்க. நம்ம கார்லயே உங்களையும் ஏத்திக்கினு போறேன்னாரு."

சாந்திராஜ் கேரியரைப் பார்த்தார். அடிப்பாத்திரத்தின் சூடு பட்டு, பச்சைமுத்து அதை மேல்துண்டால் பிடித்திருந்தார். பசி வயிற்றிலிருந்து எழும்பித் தொண்டைவரை வந்தது. எப்போதோ தீர்மானித்து வைத்த உணவு. இந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், அப்போது அவருக்கு எவ்வளவு பசிக்கும் என்பதுவரை யோசித்துச் செய்த உணவு.

"பச்சைமுத்து, உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"மூணாவது வரைக்கும் படிச்சேன். எழுத்துக் கூட்டுவேன். ஏன்?"

சாந்திராஜ் அட்டைக் கோப்பைத் திறந்தார். விரல்கள் தட்டச்சு செய்கிற வேகத்திலேயே அதை எடுத்தன. ஒரே ஒரு முறை அடித்த கார்பன் தாள். அதன் இரண்டு முனைகளையும் பிடித்துச் சூரியனுக்கு நேராக உயர்த்தினார். மை உதிர்ந்த இடங்களில் வெளிச்சம் புகுந்தது. கறுப்புத் தாளில் வரி வரியாகச் சிவப்பு எழுத்துகள் எரிந்தன.

"படிங்க. கொஞ்ச நேரந்தான் வெளிச்சம் இருக்கும்."

பச்சைமுத்து கழுத்தை முன்னால் நீட்டினார். உதடுகள் அசைந்தன. "பு... ல... புல எண். நூத்தி பதினேழு." ஒரு கணம் நிறுத்திச் சிரித்தார். "இது நம்ம நெலம்." மறுபடியும் குனிந்தார். கிழக்கே என்று கூட்டினார். கிணறு என்று கூட்டினார். விரல் தாளைத் தொடாமல் காற்றில் வரியைத் தடவியபடி மேலே போயிற்று, பெயர்கள் இருந்த இடத்துக்கு. முதல் பெயரைப் படித்தார். இரண்டாவதை, து... ரை... என்று கூட்ட ஆரம்பித்தவர், பாதியில் சத்தத்தை நிறுத்திவிட்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. திரும்பவும் முதலிலிருந்து அசைந்தன.

முன்வாசலில் காரின் ஹாரன் ஒலித்தது. "இன்னா பச்சைமுத்து, நைனாரு சாப்ட்டாரா?" என்று தாண்டவராயனின் குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். பிறகு தாழ்வாரத்துச் சிமெண்டில் அவருடைய காலடிகள்.

சூரியனின் கீழ் விளிம்பு புகைக்குள் இறங்கியது. அடிவரிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. சாந்திராஜ் தாளை இறக்கவில்லை. கைகள் வலித்தன. பச்சைமுத்து அவரையும் பார்க்கவில்லை, குரல் வந்த பக்கமும் பார்க்கவில்லை. அணைந்துகொண்டிருந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலிருந்த டிபன் கேரியரின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி, முதலில் லேசாக, பிறகு நிற்காமல், கிடுகிடுவென்று சத்தமிடத் தொடங்கின.