வடிவான நடை

“கொஞ்சம் நொண்டுங்கோவன்” என்று பிரதேச செயலக வாசலில் வைத்து வின்சனின் காதுக்குள் சொன்னேன்.

“நொண்டுறதெண்டா எப்பிடி?” என்று கேட்டார் மனுசன். பகிடிக்கில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அவரைக் குற்றம் சொல்லவும் ஏலாது. புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த புதிதில், நொண்டினால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மறித்துத் துருவுவார்கள் என்ற பயத்தில், பொய்க்காலோடு கடற்கரை மணலில் நடந்து நடந்து பழகினவர். நீளக் காற்சட்டை போட்டால் ஈ காக்காய்க்கும் தெரியாது. அந்த நடையில்தான் நானும் ஏமாந்தேன். கலியாணம் பேசின பிறகுதான் காலைப் பற்றி வாய் திறந்தார், கள்ளன்.

இப்போது வெட்டின இடத்தில் புண். இனியும் களப்புத் தண்ணீரில் இறங்கினால் மிச்சக் காலையும் எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே! இறால் பிடிக்காவிட்டால் அடுப்பு எரியாது என்று நேற்றும் இறங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு கிடைத்தால், என் கருவாட்டு வியாபாரத்தோடு சமாளித்து அவரைக் கரையில் இருத்திவிடலாம்.

“அண்ணை வடிவாத்தானே நடந்து வாறியள்?” என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்து படிவம் நிரப்புகிற பிள்ளை.

அவர் கதிரையில் இருந்து, காற்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றி மடியில் வைத்தார். வரிசையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எப்பிடி நடந்தது?”

விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடி என்று, கடிதம் எழுதித் தந்த ஊர் விதானையாரிடம் சொல்லிவைத்திருந்தேன். இவருக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். இயக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுப்பனவு கிடைக்காதாம் என்று ஊரில் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, யாரிடம் போய்க் கேட்பது?

“ஆனையிறவிலை. சண்டையிலை.”

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தணித்து என்னிடம் கேட்டாள்: “அக்கா, விறகு வெட்டப் போன இடத்திலை எண்டுதானே விதானையார் சொன்னவர்?”

வின்சன் என்னைப் பார்த்தார். மாதாவே! அன்று தன்னோடு விழுந்த பெடியளுக்காக ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளிலும் பெயர் சொல்லி மெழுகுதிரி கொளுத்துகிற மனுசன்.

“ஓம், தங்கச்சி” என்றேன். “விறகு வெட்டப் போன இடத்திலைதான்.”

அவள் எழுதத் தொடங்கினாள். அவர் குனிந்து காலை மாட்டினார். வார் கொழுவவில்லை. உதவப்போன என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தலை நிமிராமல், திரும்பத் திரும்ப அதையே இழுத்துக்கொண்டிருந்தார்.