திருடனுக்குப் பிடித்த கண்டக்டர்

பயணியின் பர்ஸை அடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தவனை, பின்னாலேயே குதித்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள் கண்டக்டரம்மா. அப்போது அவள் வேலைக்குப் புதுசு. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. நாளைக்குப் பத்திரிகையில் படத்தோடு வரும் என்று நிருபர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படம் வந்தது. ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் திருடனின் காலர். மேலே தலைப்பு. நிருபர் என்னவோ "திருடனைப் பிடித்த கண்டக்டர்" என்றுதான் ஃபோனில் கத்தியிருக்கிறார். கொரகொரத்த லைனில், மறுமுனையில் இருந்த புண்ணியவான் காதில் எப்படி விழுந்ததோ, "திருடனுக்குப் பிடித்த கண்டக்டர்" என்று கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது. ஒரே ஒரு வேற்றுமை உருபுதான் மாறியது, அவள் மானம் கப்பலேறிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்கே ஆள் அனுப்பினாள். "அவனுக்கு எதுக்கு உங்க பொண்ணைப் பிடிக்கணும்? முன்னாடியே பழக்கமா?" கண்டக்டரம்மாவின் அப்பா பத்திரிகை ஆபீசுக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தார். பயந்துபோய் மறுநாளே திருத்தம் போட்டார்கள். அதை எழுதிய மகானைத் தேடிப் பிடித்து மாலைதான் போட வேண்டும். "நேற்றைய தலைப்புக்கு வருந்துகிறோம். திருடனுக்குக் கண்டக்டரைப் பிடிக்கவில்லை என்பதே சரி" என்று இருந்தது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. திருடனுக்கே பிடிக்காத பெண் எங்களுக்கு எதற்கு என்றார்கள். கல்யாணம் நின்றது. பிறகு அவள், பத்திரிகையே படிக்காத ஒரு டிரைவராகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஆனால் பயணிகள் விடுவார்களா? அன்றிலிருந்து அவள் பெயர் 'பிடிச்சக்கா'.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து, படம் வந்த அடுத்த வாரமே நடந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட் வாங்கவில்லை. "என் புருஷனை என்ன சொல்லி மயக்கின?" என்று நேராகச் சண்டைக்கு வந்தாள். திருடனின் மனைவி. அவளும் தலைப்பைப் படித்திருந்தாள். பஸ் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கண்டக்டரம்மா எழுந்து தன் சீட்டில் அவளை உட்கார வைத்தாள். "முதல்ல உட்காரு, அப்புறம் திட்டு" என்றாள். பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போவதற்குள் திட்டு அழுகையாகி, அழுகை சிரிப்பாகிவிட்டது.

அவள் புருஷன் ஜெயிலிலிருந்து வந்து இஸ்திரிக் கடை போட்டபோது முதல் துணி கண்டக்டரம்மாவின் யூனிஃபார்ம்தான். அப்புறம் அவன் அடுத்தவர் பொருள் பக்கம் திரும்பவில்லை. அவர்களுக்குப் பிறந்த பெண் கண்டக்டரம்மாவைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

இப்போது கண்டக்டரம்மாவுக்கு வேலையில் இருபத்தைந்து வருஷம் முடிந்திருந்தது. ஒருநாள் அதே பத்திரிகையிலிருந்து ஓர் இளம் நிருபர் வந்து கதவைத் தட்டினார். பழைய தலைப்புக் கூத்துகளையெல்லாம் சேர்த்து ஆண்டு மலர் போடுகிறார்களாம். மேயர் வாய்க்கால் திறந்த செய்தியில் 'க்கால்' விட்டுப்போய் "மேயர் வாய் திறந்தார்" என்று வந்த கதையைச் சொன்னார். தண்ணீர் பிரச்சினை பற்றி மேயர் அதுவரை மூச்சே விட்டதில்லையாம். இதுவாவது நடந்ததே என்று ஊரே பாராட்டிக் கடிதம் போட்டதாம். கண்டக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களுக்குத்தாம்மா பெரிய அநியாயம் பண்ணிட்டோம்" என்றார் நிருபர். "இந்தத் தடவை சரியான தலைப்பு. முழுப் பக்கம். அதே படம்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு டிரிப்பிலும் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டவள். பிடித்தது நான்தான் என்று ஒரே ஒரு தடவை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படாத நாள் இல்லை.

நிருபர் படத்தை நீட்டினார். தன் முகத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டு, பிடிபட்டவன் முகத்துக்கு வந்தாள். குனிந்த முகம்தான். ஆனாலும் அந்த மூக்கும் நெற்றியும் அப்படியே பெரியம்மா என்று கூப்பிடுகிறவளுடையவை. அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் பழைய கதை எதுவும் தெரியாது. அடுத்த மாதம் கல்யாணம்.

ஒரு முழுப் பக்கத்துக்காக அந்த வீட்டைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. 

"படம் வேண்டாம் தம்பி. யார் பேரும் வேண்டாம்."

"அப்ப தலைப்பு?"

"அந்தப் பழைய தப்பையே போடுங்க. படிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்."

"உங்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டாமா?"

"எனக்குப் பழகிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மலர் வெளிவந்த அன்று அவள் இஸ்திரிக் கடையில் இருந்தாள். கல்யாணப் பெண் தலைப்பைச் சத்தமாக வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவே இல்லை.

"ஏன் பெரியம்மா, உங்களைப் பிடிச்சக்கான்னு கூப்பிடறது இதனாலதானா? நிஜமாவே அந்தத் திருடனுக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சா?"

"பத்திரிகைக்காரங்க எதையாவது போடுவாங்கடி" என்று பேச்சை மாற்றப் பார்த்தாள் கண்டக்டரம்மா.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பிடிச்சிருந்துச்சும்மா" என்றார். "அன்னைக்கு இவங்க மட்டும் காலரை விட்டிருந்தா, நான் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

பெண்ணின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.