கூட்ட அரங்கில் நின்ற தண்ணீர்

வளைகுடா ஊரான ராஸ் தலீமின் நகரசபைக் கூட்ட அரங்கில், ஷேரி மீன் மலிவாக வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர் நின்றது. முந்தின நாள் வைத்து ஊசிப்போன பருப்புக் குழம்பின் நிறத்தில் இருந்தது. அரங்கின் இரட்டைக் கதவு திறந்தே கிடந்தது என்றாலும் தண்ணீர் வாசலைத் தாண்டவில்லை. பளிங்கு நடைவழி தொடங்கும் கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அதன் பக்கவாட்டுத் தோற்றமும் தெரிந்தது. அடியில் வண்டல், நடுவில் கலங்கல், மேலே சோப்பு நுரை. கீழே கார்கள் நிறுத்துமிடம், அதன் கூரை காய்ந்து கிடந்தது. அரங்கின் அடியில் குழாயே கிடையாது என்று பராமரிப்புக்காரர்கள் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. அன்றைய கூட்டத்தை யாரும் தள்ளிவைக்கவில்லை. உறுப்பினர்களில் அங்கி அணிந்தவர்கள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும், பேண்ட் அணிந்தவர்கள் அதைச் சுருட்டிவிட்டுக்கொண்டும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கடற்கரைச் சாலைப் பேரீச்சை மரங்களுக்குப் போடும் விளக்கு நீலமா வெள்ளையா என்று மதியம்வரை பேசி, வெள்ளை என்று முடிவு செய்தார்கள்.

நகரசபையை அங்குள்ள நம்மவர்கள் பலதியா என்பார்கள். பலதியாவில் கூட்டக் குறிப்பு எழுதிவந்தவர் நிஜாம், கீழக்கரைக்காரர். இளமையில் படித்த அரபி அவரைக் கடைக்கும் கிட்டங்கிக்கும் போகவிடாமல் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்திருந்தது. ஷவர்மா கடைகளின் புகைபோக்கி உயரம், பால்கனியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு அபராதம், கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, தெருப் பூனைகளுக்குக் கருத்தடை, சாலைக்கு வந்துவிடும் ஒட்டகங்கள் என்று ஊரின் அன்றாடம் முழுக்க அவர் விரல் வழியாகத்தான் போனது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவற்றுக்கு நடுவில் ஒரு விஷயம் வரும். தொழில்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் லேபர் கேம்ப்பின் கழிவுத் தொட்டி நிரம்பி வழிகிறது, அதை மெயின் லைனில் சேர்க்க வேண்டும் என்பது. உடனே கேம்ப் கம்பெனியின் மேனேஜர் விஜயபாஸ்கர், திருச்சிப் பக்கத்து ஆள், டை கட்டிக்கொண்டு எழுந்து, புல்தரையும் கைப்பந்து வலையுமாக இருக்கும் ஒரு கேம்ப்பின் படத்தைத் திரையில் காட்டுவார். அது எந்த நாட்டுக் கேம்ப் என்று யாரும் கேட்டதில்லை. மேல் ஆய்வுக்கு விடப்படுகிறது என்று முடிவாகும். நிஜாம் அந்த வாக்கியத்தை எத்தனையோ வருடம் தட்டியிருந்ததால், முதல் எழுத்தைத் தொட்டாலே கம்ப்யூட்டர் மிச்சத்தைத் தானே எழுதிவிடும். அவர் அந்தக் கேம்ப்பைப் பார்த்ததில்லை. காரில் போனால் ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான்.

அடுத்தடுத்த வாரங்களில் தண்ணீர் முழங்கால்வரை ஏறி அங்கே நிலைத்தது. ஊதிப் பருத்த சோற்றுப் பருக்கைகள், முடிச் சுருள்கள், தேய்ந்த சோப்பு வில்லைகள், கோழி எலும்பு, சீழோடு அவிழ்த்துப் போட்ட கட்டுத் துணி எல்லாம் மிதந்தன. மைக் வயர்களின் மேல் கரப்பான்கள் வரிசையாக ஏறின. வாடையைப் போக்க மூலைக்கு மூலை ஊது என்ற அகில் கட்டையைப் புகைத்தார்கள். விலை உயர்ந்த மரப்புகையும் மலமும் சேர்ந்து புது வாடை ஒன்று பிறந்தது. அது நாக்கில் படிந்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்தால் பழத்தில் அதுதான் ருசித்தது. உறுப்பினர்கள் கடித்தார்கள், மென்றார்கள், கொட்டையை மரியாதையாகத் தட்டில் வைத்தார்கள். நிஜாமின் மனைவி ருக்கையா மட்டும் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அங்கேயே நில்லுங்க. உள்ள கால வைக்காதீங்க."

"ஆபீஸ்லேர்ந்துதான் வர்றேன் ருக்கையா."

"ஆபீஸ்லேர்ந்து வர்ற மனுசன் மேல இப்படியா அடிக்கும்? பீக்குழிக்குள்ள உக்காந்து எழுதுறீங்களா?"

"அப்படித்தான் ஆயிப்போச்சு" என்றார் நிஜாம். அவருடைய பேண்டை ருக்கையா ஒரு குச்சியால் தூக்கிக் குப்பைப் பையில் போட்டார். அன்று முதல் கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் குளிக்கும் குழாயில் குளித்துவிட்டுத்தான் நிஜாம் லிஃப்டில் ஏறினார்.

பூங்கா வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், நீல ரப்பர் செருப்பு ஒன்று மேசைக்கு அடியிலிருந்து கிளம்பி, மெதுவாகச் சுழன்றுகொண்டே போய், தலைவரின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. கேம்ப்பில் செருப்பு மாறிப் போகாமல் இருக்க ஆட்கள் அப்படி எழுதிவைப்பது வழக்கம். இது என்ன மொழி என்று தலைவர் கேட்டார். அந்த அரங்கில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருவர். விஜயபாஸ்கர் செருப்பைப் பார்த்தார், பிறகு கூரையில் இருந்த விளக்குகளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நிஜாமிடம் உதடு அசையாமல், "பாய், வாயத் தொறக்காதீங்க. குப்பைல வர்றதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார். நிஜாம் குனிந்து செருப்பை எடுத்தார். மாயாண்டி, ரூம் பதினாலு என்று இருந்தது. "ஒரு ஆளோட பேரு" என்று அரபியில் சொன்னார். "பேருதானே?" என்றார் தலைவர். பூங்கா வாடகைக்குத் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நிஜாம் செருப்பை ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு கேம்ப்புக்குப் போனார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முற்றம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. சுவர்களில் மட்டும் முழங்கால் உயரத்தில் ஒரே சீரான கறை, கேம்ப் முழுவதையும் சுற்றி ஓடியது. அதற்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து புழு அரித்த பல்லைப்போல் இருந்தது. நடப்பதற்கு அடுக்கிய செங்கல் வரிசை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. பதினாலாம் அறையில் இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே, கீழ்க் கட்டிலில் ஒருவர் காலை அரிசி மூட்டை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், கம்பி கட்டும் வேலை. கால் பூசணிக்காய்போல் பளபளவென்று வீங்கி, ஓரத்து இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. ஈக்கள் அவற்றில் உட்காராமல் சற்றுத் தள்ளியே சுற்றின.

"இந்தச் செருப்பு உங்களோடதா?"

"எனக்குள்ளதுதேன். இதக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக பாய்? எங்க கெடந்துச்சு?"

"பலதியாவுல. மீட்டிங் நடக்குற ரூம்ல."

மாயாண்டி வியப்படையவில்லை. "அங்கனயா போயிருக்கு" என்று மேல்கட்டில்காரரிடம் சொன்னார். "ஒரு செவ்வாக்கெழம எந்திரிச்சுப் பாத்தா முத்தம் காஞ்சு கெடக்கு. செருப்பையும் காணோம். எம்புட்டு நிக்கிது பாய் அங்க?"

"முட்டி வரைக்கும்."

"எங்களுக்கும் முட்டி வரைக்குந்தேன் நின்னுச்சு" என்றார் மாயாண்டி.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஜாம் மூச்சை இழுத்துப் பார்த்தார். இந்த அறையில் வாடையே இல்லை. காலைப் பற்றிக் கேட்டார். தண்ணீருக்குள் கிடந்த தகரம் கிழித்தது, கிளினிக்கில் பனடால் மாத்திரை கொடுத்தார்கள், ஹெல்த் கார்டு காலாவதியாகிவிட்டது, கம்பெனி புதுப்பித்துத் தரவில்லை, விஜயபாஸ்கர் சார் இன்றைக்கு நாளைக்கு என்கிறார். இதையெல்லாம் மாயாண்டி அடுத்த வீட்டுக்காரனுடைய காலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். நிஜாம் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விரல்கள் மட்டும் போயின. மயக்கம் தெளிந்ததும் மாயாண்டி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பெருவெரலும் பக்கத்து வெரலும் இருக்கு. செருப்பு நிக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிஜாம் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேல் ஆய்வுக்கு விடப்படுகிறது என்ற வாக்கியத்தை அவர் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன.

அடுத்த கூட்டத்தில் நிஜாம் எழுந்து நின்றார். குறிப்பு எழுதுகிறவர் பேசியது அந்த நகரசபையின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. இந்தத் தண்ணீர் கேம்ப்பின் தண்ணீர் என்றும், தான் போய்ப் பார்த்து வந்ததாகவும், மெயின் லைன் கேம்ப்புக்கு எதிர்ச்சாரியிலேயே போகிறது, சாலையைக் குறுக்கே வெட்டி ஒரு குழாய் போட்டால் அரங்கு வடிந்துவிடும் என்றும் சொன்னார். ஒரு மனிதருக்கு இரண்டு விரல் போனதையும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. தலைவர் கெட்டவர் அல்ல. பன்னீர் நனைத்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து, விரல் போனவருக்காக வருத்தப்பட்டார். பிறகு விஜயபாஸ்கரைப் பார்த்தார். விஜயபாஸ்கர் எழுந்து, சாலை வெட்டுவதென்றால் போக்குவரத்துத் துறை, மின்துறை, தொலைபேசி எல்லாம் கேட்க வேண்டும், அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, ஆட்களைக் காலி செய்து பாலைவனத்துக்குள் இருக்கும் வேறு கேம்ப்புக்கு மாற்றிவிடலாம், கேம்ப் இல்லையென்றால் கழிவும் இல்லை என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சில அங்கிக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கலாஸ், முடிந்தது" என்றார் தலைவர்.

பஸ்கள் வந்தன. ஆட்களும் பெட்டிகளும் அரிசி மூட்டைகளும் பாலைவனத்துக்குப் போயின. அரங்கின் தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கொஞ்சம் மணல் சேர்ந்தது, அவ்வளவுதான். பிறகு அவர்களைப் பிரித்தார்கள். சிலரைத் தோஹா தொழில்பேட்டைக்கும், சிலரை அல் கோபாருக்கும், சிலரை அல் ஐனில் நடந்த கட்டட வேலைக்கும் அனுப்பினார்கள். அவர்கள் எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்த இடத்தின் தொட்டி காய்ந்தே இருந்தது, ராஸ் தலீமின் அரங்கு நிறைந்தே இருந்தது. மாயாண்டி லீவில் ஊருக்குப் போன மாதத்தில் தண்ணீரில் பனங்கிழங்கு நார் மிதந்தது. நிஜாம் அதை அடையாளம் கண்டு கூட்டக் குறிப்பில் எழுதினார். அரங்கு நல்ல நிலையில் இருந்தது என்று எழுதும்படி தலைவர் சொன்னார். நிஜாம் தண்ணீர் நின்றது என்றே எழுதினார். திருத்தச் சொன்னார்கள், முழங்கால்வரை நின்றது என்று திருத்தினார். அவரை மீன் மார்க்கெட்டுக்கு மாற்றினார்கள். தராசுகளைச் சோதிக்கும் வேலை. முதல் நாள் சட்டையெல்லாம் செதிலோடு வீட்டுக்கு வந்தவரை ருக்கையா முகர்ந்து பார்த்தார்.

"இது மீனு" என்றார். "இது பரவாயில்ல. உள்ள வாங்க, சோறு போடுறேன்."

விஜயபாஸ்கர் கம்பெனியை விட்டு விலகித் தனியாக ஆள் அனுப்பும் தொழில் தொடங்கினார். பழைய கேம்ப்பின் ஆட்களை வைத்துக்கொண்டால் டேங்கர் லாரியே தேவைப்படாது என்று தெரிந்ததும் ஒப்பந்தக்காரர்கள் அவர் வாசலில் நின்றார்கள். அவர் கன்னங்கள் உப்பின, டைகள் அகலமாயின. சம்பளம் உயரவில்லை. ஆட்களுக்கும் தங்கள் விஷயம் தெரியாமல் இல்லை. அல் கோபாரில் இருந்த ஒரு கூட்டம் ஒவ்வொரு திங்கட்கிழமை ராத்திரியும் சாப்பாட்டில் பருப்பையும் முட்டைக்கோஸையும் தாராளமாகச் சேர்த்து, நகரசபை கூடும் செவ்வாயின் விடியலில் கக்கூஸ் வாசலில் ஒழுங்காக வரிசையில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவ்வளவு பொறுப்பாக நின்றிருக்க மாட்டார்கள்.

நகரசபை நாற்காலிகளை உயர்த்தியது. மைக்குகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டது. தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸ்கள் வாசலில் அளவு வாரியாக அடுக்கிவைக்கப்பட்டன. டீ கொண்டுவருகிறவர் பலகை மேல் நடந்து வந்தார். வேறு ஊர்களின் சபைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இவ்வளவு சிரமத்திலும் ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை என்று பாராட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஈக்கள் வாய்க்குள் போவது சகஜமாயிற்று. மூத்த உறுப்பினர் ஒருவர் நாக்கு நுனியால் ஈயைத் தள்ளித் துப்பிவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்தே பேச்சைத் தொடரும் பழக்கத்துக்குப் பெயர் பெற்றார். கேம்ப் இருந்த இடத்தில் பெயர்ப்பலகையோடு ஒரு பெரிய காலிமனை வந்தது. சாலைக்கு எதிர்ச்சாரியில் மெயின் லைன் எப்போதும்போல் போய்க்கொண்டிருக்கிறது.

போன தேர்தலில் வென்று புதிதாக வந்த இளம் உறுப்பினர் ஒருவர், வெளிநாட்டில் படித்தவர், முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "யல்லா, நேரமாகிறது" என்று தலைவர் உள்ளேயிருந்து அன்பாக அழைத்தார். இளைஞர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார். தன் நாற்காலியை அடைவதற்குள் குமட்டி, இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அது தண்ணீரில் விழுந்து, விரிந்து, மற்றதோடு கலந்தது. எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். அவர் உட்கார்ந்ததும் தலைவர் முதல் விஷயத்தைப் படித்தார். மீனவர் துறைமுகத்துக்கு அருகில் போடும் பெஞ்சுகள் கடலைப் பார்த்து இருக்க வேண்டுமா, சாலையைப் பார்த்து இருக்க வேண்டுமா. கடலைப் பார்த்து என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். புதிய உறுப்பினர் வாயைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.